ஆறு வாய்தா, ஏழாயிரம் மாலை

காலை பத்து மணிக்கு நீதிமன்ற மதிப்பீட்டுப் பிரிவின் ஜன்னலில் கொடுத்த சீட்டில் நாற்பத்தொன்பது என்று இருந்தது. நாச்சிமுத்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது நாற்பத்தெட்டு ஆகவில்லை. ஐம்பதும் ஆகவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஐம்பதைத் தொட்டால் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ரத்து, தொண்ணூறு நாள் சிகிச்சை இல்லம். தொடாவிட்டால் ஓர் அபராதம், இரண்டு நாள் வகுப்பு, லைசென்ஸ் கையில். நடுவில் வேறொன்றும் கிடையாது.

நாச்சிமுத்து பத்தொன்பது வருடமாகக் கல்லூரிப் பஸ் ஓட்டுகிறவர். லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கும் இந்த ஏழு மாதமாக, கல்லூரி நிர்வாகம் பெரிய மனது பண்ணி அவரை அதே பஸ்ஸில் உதவியாளராக வைத்திருந்தது. அதாவது, புது ஓட்டுநர் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இறங்கி நின்று பஸ்ஸின் பிருஷ்டத்தைத் தட்டி "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்லும் உத்தியோகம். மாணவிகள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் கூடவே சிரித்துவைப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானம்.

நடந்த குற்றம் ஒன்றும் வீரதீரமானது இல்லை. மனைவி பரிமளாவின் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. கிடா விருந்து. மத்தியானம் மூன்று மணி. தயிர் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, "இதா, ரெண்டு நிமிசம்" என்று காரை எடுத்தார். கார் நேராகப் போய் ஒரு பேக்கரியின் முன்புற பெஞ்சில் ஏறி நின்றது. பன் தட்டும் கண்ணாடிப் பெட்டியும் நொறுங்கின. யாருக்கும் அடியில்லை. ரத்தத்தில் முப்பது வரை சட்டம் விடும். அவருக்கு நூற்று நாற்பத்திரண்டு.

கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "இப்பத்தான் ஒரு புள்ளை கைக்கொழந்தையோட அந்த பெஞ்சுல உக்காந்து பால் குடுத்துட்டு எந்திரிச்சுப் போச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து மட்டும் நாச்சிமுத்துவால் எந்த நகைச்சுவையும் செய்ய முடியவில்லை. முயற்சி செய்து பார்த்திருக்கிறார்.

வெள்ளோட்டம்பாளையம் நீதிமன்றத்தில் எல்லாம் மாறிவிட்டிருந்தது. சாட்சி சொன்னால் திரையில் தானே எழுத்தாக ஓடியது. காகிதக் கட்டுகள் இல்லை, கறையான் இல்லை. மாறாதவை இரண்டு. ஒன்று, பெயரை மூன்று முறை கூப்பிடும் டவாலியின் தொண்டை. இன்னொன்று வாய்தா.

நாச்சிமுத்துவின் வக்கீல் தண்டபாணி வாய்தாவில் நம்பிக்கையுள்ளவர். கேஸ் என்பது சூடான காபி மாதிரி, வைத்தால் ஆறும் என்பது அவர் சித்தாந்தம். முதல் வாய்தாவுக்கு அவருக்கு வைரல் காய்ச்சல். இரண்டாவதுக்கு மாமனார் காரியம். மூன்றாவதுக்கும் மாமனார் காரியம், நீதிமன்றம் கவனிக்கவில்லை. இப்படி ஆறு.

இன்றைக்கு அவர் வராந்தாவில் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏழாவதா ஒண்ணு வாங்கிடலாம், நாச்சிமுத்து. இந்த ஜட்ஜம்மா ரொம்ப கண்டிப்பு. அடுத்த வாரம் மாறுதல்ல போறாங்க. புதுசா வர்றவர் தங்கமான மனுசன்."

"ஐயோ, வேண்டாமுங்க வக்கீலய்யா! இன்னைக்கே முடிச்சுருங்க. நாப்பத்தொம்போதுல நிக்குதுங்க."

"அதான் அம்பதுக்குக் கீழ இருக்குதுல்ல? அப்பறம் என்ன பயம்?"

"அது ஏறிட்டே வருதுங்க. மொதல்ல பதினொண்ணு. அப்பறம் பதிமூணு, பதினெட்டு, இருவத்தாறு, முப்பத்தஞ்சு, நாப்பத்தி மூணு, இப்ப இது. ஒரு வாய்தாவுக்கு ஒரு ஏத்தம்."

"மெஷினுக்குக் கோளாறா இருக்கும். அதை வெச்சே ஒரு வாய்தா கேக்கலாமே!" என்று முகம் மலர்ந்தார் தண்டபாணி.

மெஷினுக்குக் கோளாறு இல்லை என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். போன வாரம்தான் மதிப்பீட்டு அலுவலர் ஷமீமாவைப் போய்ப் பார்த்தார். சின்ன அறை. மேசையில் ஒரு திரை, ஒரு டிபன் டப்பா, பாதி தின்ற வாழைப்பழம். மனிதர்களின் எதிர்காலம் கணக்கிடப்படும் இடம் என்று சொன்னால் நம்ப முடியாது.

"ஏனுங்க அம்மிணி, எனக்குப் புரியற மாதிரி ஒருக்கா சொல்லுங்களே. உள்ள என்னதான் நடக்குது?"

"உங்ககிட்ட ரெண்டு நாள் பேசினோம்ல அண்ணா? உங்க போன், கைக்கடிகாரம், வண்டிப் பதிவு எல்லாம் வாங்கினோம்ல? அதை வெச்சு உள்ள உங்களையே மாதிரி ஒருத்தரை உண்டாக்கியிருக்கோம். உங்க வீடு, உங்க தெரு, உங்க சேக்காளிக, எல்லாம். அவர் தெனமும் சாயங்காலம் வேலை முடிஞ்சு வருவார். குடிச்சாலும் குடிப்பார், குடிக்காட்டியும் உண்டு. குடிச்சுட்டு வண்டி எடுத்தாரான்னு மட்டும் பாப்போம். கடைசி ஆயிரம் மாலையில எத்தனை தடவை எடுத்தாரோ, அதுதான் சீட்டுல வர்ற நம்பர்."

"ஆயிரம் முடிஞ்சா நிறுத்திர வேண்டியதுதானுங்களே?"

"கேஸ் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு அரசாணை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் புது நிலவரம் தாக்கல் செய்யணுமாம். மாசத்துக்கு ஆயிரம் மாலை ஓடும். இப்ப ஏழாயிரத்தை நெருங்கிட்டோம். உடம்புக்கு வயசு ஏறாது அண்ணா. நடந்ததெல்லாம் ஞாபகத்துல மட்டும் நிக்கும்."

நாச்சிமுத்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பத்தொன்பது வருடம். தண்டபாணியின் மாமனார் இரண்டு தடவை செத்ததற்கு இவ்வளவு விலை.

"ஆனா நான் ஏழு மாசமா ஒரு சொட்டு தொடலீங்களே, அம்மிணி! அந்தாளு மட்டும் ஏன் கெட்டுப்போறான்?"

ஷமீமா சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கேஸ் நடக்குது அண்ணா. அவருக்குக் கேஸ் இல்லை. எல்லாம் முடிஞ்சிருச்சு, இனி பயமில்லைன்னு நினைக்கற நீங்கதான் அவர்."

ஷமீமா திரையில் எதையோ தேடிவிட்டுத் தொடர்ந்தாள்.

"அப்பறம் ஒண்ணு. அவர் கெட்டுப்போகலை. மொத நாள் எப்படியோ அப்படியேதான் இருக்கார். மாசா மாசம் அதே அளவுதான் குடிக்கறார், அத்தனை தடவைதான் சாவி கேக்கறார்."

"பின்ன எதுக்குங்க நம்பர் ஏறுது?"

"அவங்க தளர்றாங்க."

"ஆரு?"

"உங்க வீட்டம்மா."

மதிப்பீட்டின் ஆரம்பத்திலேயே பரிமளாவையும் ஒரு மணி நேரம் விசாரித்திருந்தார்கள். குடும்ப சாட்சி. வக்கீல் முந்தின நாளே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்: நல்லதா நாலு வார்த்தை சொல்லும்மா, உன் கையிலதான் இருக்கு. பரிமளாவும் சொன்னாள். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் குடிச்சுட்டு அவுங்களை வண்டி எடுக்க உடமாட்டனுங்க." வெளியே வந்ததும் நாச்சிமுத்துவே அவளைப் பாராட்டினார்: "நல்லா எடுத்து உட்ட புள்ள!"

"எல்லா வீட்டம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க அண்ணா," என்றாள் ஷமீமா. "குடும்ப மானத்துக்காக ஒரு வார்த்தை. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. சொன்னதைச் சத்தியமா எடுத்துக்குச்சு. உள்ள இருக்கறவங்க நெஜமாவே அப்படித்தான் இருக்காங்க. பாக்கறீங்களா? பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு. உங்களை மாதிரி கேஸ்ல இருக்கறவங்க யாரும் கேக்கறதில்லை, அவ்வளவுதான்."

திரையில் படம் எதுவும் இல்லை. வரிகள்தான். ஒரு மாலைக்கு ஒரு வரி.

மாலை 212. மனைவி சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தார். எதிரி தேடிவிட்டு உறங்கினார்.

மாலை 1,406. எதிரி ஏசினார். சாவி தரவில்லை.

மாலை 2,975. தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தார்.

மாலை 3,340. காய்ச்சல். கேட்டின் முன் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

நீதிமன்ற வழக்கப்படி, குற்றம் சாட்டப்பட்ட அவர்தான் 'எதிரி'. யாருக்கு எதிரி என்று அதுவரை அவர் யோசித்ததில்லை.

விரலால் தள்ளிக்கொண்டே போனார். வரிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

மாலை 5,871. சாவி மனைவி கையில் இருந்தது. எதிரி கேட்டார். கொடுத்தார்.

அதற்குமேல் தள்ளவில்லை. எழுந்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் பரிமளா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒரு மாதிரியா இருக்கறீங்க?" என்றாள். "வெங்காயம்," என்றார்.

"நாச்சிமுத்து! நாச்சிமுத்து! நாச்சிமுத்து!"

டவாலியின் குரலில் கூரைப் புறா ஒன்று பறந்தது. நாச்சிமுத்து கூண்டில் ஏறினார். பரிமளா முன்வரிசை பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

தண்டபாணி எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கனம் நீதிபதி அவர்களே, இந்த வழக்கில் மதிப்பீட்டு இயந்திரத்தின் நம்பகத்தன்மை குறித்து சில ஐயங்கள் எழுந்திருப்பதால், தயவுகூர்ந்து ஒரு..."

"வாய்தா வேண்டாமுங்க!"

சத்தம் தன் தொண்டையிலிருந்து வந்தது என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது. பின்பெஞ்சில் காத்திருந்த ஒருவர் பயந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார்.

குற்றவியல் நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினாறு வருஷ சர்வீஸ்ல இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. ஏன் வேண்டாம்?"

"தாங்காதுங்கம்மா."

"என்ன தாங்காது?"

நாச்சிமுத்து பரிமளாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கே முடிச்சுருங்கம்மா. குத்தத்தை ஒத்துக்கறேன்."

தண்டபாணி மெல்ல உட்கார்ந்தார். ஒரு வாய்தா தன் கண்முன்னால் செத்ததைப் பார்த்த துக்கம் அவர் முகத்தில் இருந்தது.

நடுவர் திரையைப் படித்தார். "மதிப்பீடு நாற்பத்தொன்பது. வரம்புக்குள்ள இருக்கு. பத்தாயிரம் அபராதம், ரெண்டு நாள் வகுப்பு. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம்." அவர் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது. நாச்சிமுத்துவுக்குப் பஸ்ஸின் ஸ்டியரிங் கைக்குள் வந்த மாதிரி இருந்தது. பெரிய ஸ்டியரிங், ஓரத்தில் உறை கிழிந்தது.

"இது குடும்பத்தோட சேர்த்து எடுத்த மதிப்பீடுங்கறதால, மனைவி மாலைப் பொறுப்பு உறுதிமொழி தரணும். ரெண்டு வருஷத்துக்கு. வந்திருக்காங்களா?"

கிளார்க் ஒரு தாளைப் பரிமளாவின் முன்னால் வைத்து, மளமளவென்று படித்துக் காட்டினார். தினமும் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எதிரியின் வாகனச் சாவிக்கு இன்னார் பொறுப்பு. தவறினால் இன்னார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும். "எங்க போடணும்னு பென்சில்ல குறிச்சிருக்கேன் பாருங்கம்மா."

பரிமளா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி மறுமுனையில் செருகினாள். அவள் நிதானமாகத் தாளைத் தன் பக்கம் திருப்புவதை நாச்சிமுத்து பார்த்தார்.

எழுநூற்று முப்பது மாலை. ஏழாயிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. சும்மா இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து வினாடி நின்றால் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஓட்டுநர் சீட். வாழ்க்கை முழுவதும் தேவையில்லாத இடத்தில் பேசியே கெட்டவர்தான் அவர். இன்றைக்கு ஒருநாள் சும்மா இருந்தால் என்ன?

"அம்மா," என்றார் நாச்சிமுத்து. "அந்த நாப்பத்தொம்போது என்னோட மார்க்கு இல்லீங்க."

"பின்ன யாரோடது?"

"என்ற ஊட்டுக்காரியதுங்க. பரிச்சை எழுதுனது அவ. நான் பக்கத்துல உக்காந்து பாத்து எழுதுனவன். அவளை எடுத்துப்போட்டு, நான் ஒத்தையா இருந்தா என்ன வருதுன்னு ஒருக்கா பாத்துருங்கம்மா."

"நாச்சிமுத்து!" என்று பல்லுக்குள் அலறினார் தண்டபாணி.

நடுவர் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா எழுந்தாள். "அது ஏற்கெனவே இருக்குங்க மேடம். ஒப்பீட்டுக்காகத் தனியா ஓட்டறது வழக்கம். யாரும் கேக்கலைன்னா தாக்கல் செய்யறதில்லை."

"இப்பக் கேட்கிறேன்."

"அறுநூத்தி பன்னெண்டுங்க மேடம்."

அறுநூற்றுப் பன்னிரண்டு மாலை. நாச்சிமுத்துவின் கண்ணுக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பெஞ்சுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் நேரத்துக்கு எழுந்து போயிருப்பார்கள்?

"உங்க வக்கீலைக் கேட்டுட்டுத்தான் பேசறீங்களா?" என்றார் நடுவர். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"அவுரைக் கேட்டா வாய்தாதானுங்க வாங்குவாரு."

சிரிப்பு எழுந்து அடங்கியது. நடுவர் சிரிக்கவில்லை, ஆனால் தீர்ப்பைச் சொல்ல ஆரம்பிக்குமுன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு திரையில் தீர்ப்பு ஓடியது. லைசென்ஸ் ஐந்து வருடம் ரத்து. தொண்ணூறு நாள் சிகிச்சை இல்லம், வருகிற திங்கள் முதல். பொறுப்பு உறுதிமொழி தேவையில்லை. வழக்கு முடிவுற்றது.

வெளியே ஷமீமா ஒரு சிறு பலகையை நீட்டினாள். "கேஸ் முடிஞ்சதால உள்ள ஓடறதை நிறுத்தணும் அண்ணா. உங்க கைரேகை வேணும்."

நாச்சிமுத்து கட்டைவிரலை நீட்டிவிட்டு நிறுத்தினார். "அவளுக்கு வலிக்குமுங்களா?"

"தெரியாதுங்க அண்ணா," என்றாள் ஷமீமா. "எங்களுக்கு அதைச் சொல்லித் தரலை."

விரலை வைத்தார். 'மாலை 7,018. நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அவ்வளவுதான்.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. பரிமளா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து வரப்போவதை எண்ணிப் பார்த்தார். வேலை போய்விட்டது. மகனுக்கு போன் செய்து சொல்ல வேண்டும். இவள் இப்போது வெடிப்பாள், நடுரோட்டில்.

"ஏம்புள்ள, உன்னைக் கேக்காம பேசிப்போட்டேன்," என்று அவரே ஆரம்பித்தார். "நீ கையெழுத்துப் போடப் போனியா, எனக்கு மனசு தாங்கலை. தியாகம்னுகூட வெச்சுக்கலாம். இந்த மாதிரி ஒண்ணு நான் இதுக்கு முன்ன..."

"நான் எங்க கையெழுத்துப் போடப் போனேன்?"

"பேனாவை எடுத்தியே?"

"முடியாதுன்னு எழுதறக்கு எடுத்தேன்."

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் அந்தப் புள்ளைகிட்டப் போயி நானும் படிச்சனுங்க, எல்லாத்தையும்," என்றாள். "தங்கச்சி மக நிச்சயத்துக்குக்கூட போகாம உக்காந்திருக்கறா. காச்சலோட கேட்டுகிட்ட உக்காந்திருக்கறா. ஐயாயிரத்து எண்ணூறு நாள் தன் கையால சாவி குடுக்காம தாங்கியிருக்கறா அவ. நானா இருந்தா ஆயிரத்துலயே குடுத்துப்போட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருப்பேன்."

"அப்ப நான் பேசாம இருந்திருந்தாலும்..."

"இதேதான் ஆயிருக்கும். நான் எழுதி முடிக்கறக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."

வாழ்நாளில் செய்த ஒரே தியாகம் ஐந்து வினாடி தாமதித்திருந்தால் தேவைப்பட்டே இருக்காது என்று அறிந்த மனிதனுக்கு என்ன சொல்ல இருக்கிறது? சிரிப்பதா என்று யோசித்தார். அவளுக்கு முன்னால் சிரித்துவிடலாம் என்று பார்த்தால், சிரிப்பு வரவில்லை.

"ஆனா," என்றாள் பரிமளா, இன்னும் ரோட்டைப் பார்த்தபடி, "முந்தாம இருந்திருந்தா, திங்கக்கெழமை சிகிச்சைக்குப் போறக்கு உங்களுக்குத் துணி எடுத்து வெச்சிருக்க மாட்டேன்."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுநரின் கை எட்டும் கியரைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்ணுவாங்களாம்?"

"வட்டமா உக்காரவெச்சு, அவனவன் கதையைச் சொல்லச் சொல்லுவாங்களாம். பத்து மணி வரைக்கும்."

"நல்லதாப் போச்சு. நீங்க பேசுங்க," என்று தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள் பரிமளா. "நான் தூங்கிக்கறேன்."